பறவை வருதுங்களா, தோன் எவெலியோ?

ஊரே மரியாதையாக 'தோன்' சேர்த்துக் கூப்பிடும் எவெலியோ உமான்யா பொய் சொல்லும் ஆள் இல்லை. காஸ்டா ரிகாவின் அந்த மலைச்சரிவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கறந்த பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தவரில்லை. அப்படிப்பட்டவர் எழுபது வயதுக்கு மேல் ஒரு பறவையை வைத்துப் பொய் சொன்னார்.

அவருடைய மேய்ச்சல் நிலத்தில் ஒரு காட்டு வெண்ணெய்ப்பழ மரம் உண்டு. அது பழுத்தால் கெட்சல் என்ற அபூர்வமான பச்சைப் பறவை வரும். கெட்சலுக்குப் பின்னால், கழுத்தில் பைனாகுலர் தொங்க, ஏழெட்டுப் பேர் அடங்கிய சின்னக் குழுக்கள் விடியற்காலையில் வரும். மனைவி ஒதிலி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன்கள் இருவரும் நியூ ஜெர்சியில் அடுத்தவர் வீட்டுப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசலில் மனிதக் குரல் கேட்பது அந்தப் பழக்காலத்தில் மட்டும்தான். பறவைக்கு நடக்கும் உபசாரத்தில் கொஞ்சம் தனக்கும் ஒட்டிக்கொள்கிறது என்று எவெலியோவுக்குத் தெரியும். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

குழுக்களைக் கூட்டி வரும் கிரெய்வின் முந்தின நாள் சாயங்காலமே போன் செய்துவிடுவான்.

"தோன் எவெலியோ, பறவை வருதுங்களா, இல்ல லீவு போட்டுடுச்சா?"

அந்த வருடம் காய் பிந்திவிட்டது. பறவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் கிரெய்வின் அடுத்த பண்ணைக்குப் போய்விடுவான். பல நாளாக மாடுகளோடு மட்டுமே பேசிக்கொண்டிருந்தவர் எவெலியோ.

"வருதுப்பா. இன்னிக்குக் காலைலகூட வந்துச்சு. கூட்டிட்டு வா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

மறுநாள் வந்தவர்கள் ஈரப் புல்லில் வரிசையாக நின்று மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். மூடுபனி விலகட்டும் என்றார் எவெலியோ. விலகியது. கொஞ்சம் வெயில் ஏறட்டும் என்றார். அதுவும் ஏறியது.

"பறவைகிட்ட வாட்ச் இருக்கான்னு கேக்குறாங்க" என்றான் கிரெய்வின்.

"எங்க ஊர்ப் பறவைதானே. சொன்ன நேரத்துக்கா வந்து நிக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் உள்ளே போய்க் காபி வடித்தார், பாலாடைக்கட்டி வைத்துச் சோள ரொட்டி சுட்டார். குளிர் தாங்காத ஒரு கனடாக்கார அம்மாள் அடுப்படிக்கே வந்து உட்கார்ந்து பேரன்களின் படங்களைக் காட்டினாள். இவர் மகன்களின் படத்தை எடுத்து வந்து காட்டினார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. இருந்தும் இருவரும் விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒதிலி போன பிறகு அவ்வளவு சந்தோஷமான காலை அவருக்கு வாய்த்ததில்லை.

இதற்கிடையில் கிரெய்வின் மரத்தடிக்குப் போனான். கெட்சல் பழத்தை முழுங்கிவிட்டுக் கொட்டையைக் கக்கிவிடும். அது வந்துபோகும் மரத்தடியில் கொட்டைகள் சிதறிக் கிடக்கும். இங்கே புல் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. மேலே எல்லாம் பச்சைக் காய். அவன் திரும்பி வந்து காபியை வாங்கிக் குடித்தான்.

"நல்ல காபி, தோன் எவெலியோ."

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"போதுங்க. கிளம்புறோம்."

குழுவை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம்.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. மற்ற வழிகாட்டிகளும் அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. குழுக்களின் வேன்கள் கீழ்ச்சாலை வளைவில் வேகம் குறையாமல் போய்க்கொண்டிருந்தன.

சில வாரங்களில் மரம் பழுத்தது. ஒரு நாள் விடிந்தும் விடியாததுமாகப் பால் கறக்கக் கிளம்பியவர் அப்படியே நின்றுவிட்டார். கிளையில் ஆணும் பெண்ணுமாக இரண்டு. முதல் தடவையாகத் தானே கிரெய்வினுக்குப் போன் செய்தார்.

"வந்திருக்குப்பா. ஜோடியா வந்திருக்கு. இதோ என் கண்ணு முன்னாடி உக்காந்திருக்கு. சத்தியமா."

அந்தப் பக்கத்திலிருந்து கிரெய்வினின் குரல், எப்போதும்போல் மரியாதையாக, பிரியமாக வந்தது.

"ரொம்ப சந்தோஷம், தோன் எவெலியோ. கடவுள் நினைச்சா ஒரு நாள் வர்றோம்."

அந்த மலையில் யாரும் முகத்துக்கு நேரே வரமாட்டேன் என்று சொல்வதில்லை. இப்படித்தான் சொல்வார்கள். எவெலியோவும் எத்தனையோ பேருக்கு இதே குரலில் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"வாப்பா, மெதுவா வா" என்று போனை வைத்தார்.

தலைக்கு மேலே பறவை கூவியது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.