சித்தப்பா வீட்டுப் பச்சைக் கல்யாணம்

பஸ் ஸ்டாப் வந்தும் அப்பா நிற்கவில்லை. ஹப்சிகுடா சாலையில் ஞாயிற்றுக்கிழமை மதிய வெயில் தார் மணக்கக் காய்ந்துகொண்டிருந்தது. அவர் முன்னால் வேகமாக நடந்தார். செருப்பு வார் அறுந்துவிடுமோ என்று பார்த்துப் பார்த்துக் கால் வைத்தபடி அம்மா பின்னால். கடைசியில் நான், தலைமேல் ஒரு அட்டைப்பெட்டியோடு. பெட்டி என்னைவிடப் பெரியது. அதன் இரண்டு பக்கமும் ஒரு பெரிய டிவியின் படமும் அதைச் சுற்றிக் கறுப்பு ஸ்பீக்கர்களின் படமும் அச்சாகியிருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. எதிரே வருகிறவர்களுக்கு அது தெரியாது என்பதுதான் எனக்கு அதிலிருந்த சுகம்.

பிற்பாடு எத்தனையோ ஊரிலிருந்து, எத்தனையோ வேலையிலிருந்து இப்படிப் பாதியில் கிளம்பி நடந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்தே எட்டாவதில் கிளம்பியவன்தான். ஆனால் முதன்முதலில் அப்படிக் கிளம்பியது சித்தப்பா வீட்டிலிருந்து. அதுவும் பாயசம் குடிக்காமல்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. இரண்டு பேரும் மெட்டுகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர்கள். தாத்தா போனதும் அவருடைய பட்டறை வேலை மூத்தவருக்கு வந்தது, படிப்பு இளையவருக்குப் போனது. அப்பா பட்டறையில் சக்கரங்களை உருட்டித் தள்ளும் கலாசி. சித்தப்பாவை ஹைடெக் சிட்டிக்குக் கூட்டிப்போக வீட்டு வாசலுக்கே கம்பெனி கார் வரும். நாங்கள் காலனிக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். மழை பெய்தால் கூரைச் சிமெண்டு தகடு எங்கே ஒழுகும் என்று எங்களுக்கு மனப்பாடம்.

என் பொறாமை சித்தப்பாவின்மேல் இல்லை. அவர் மகன்மேல். என்னைவிடச் சில மாதம் சின்னவன். வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டு நடப்பான். முட்டையில் மஞ்சள் கருவைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிடுவான், நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஐஸ்கிரீம் வேண்டுமா என்று சித்தி கேட்டால் நக்கோ என்பான். வேண்டாம் என்று சொல்ல முடிகிற அளவுக்கு அவனிடம் எல்லாம் இருந்தது. நாங்கள் தமிழில் கேட்டதற்கெல்லாம் அவன் ஹிந்தியில் பதில் சொன்னான், பதிலுக்குக் காத்திராமல் போய்விடவும் செய்தான். அன்று காலை டிவிப் பெட்டிக்குள்ளிருந்து வந்த தெர்மோகோல் பலகைகளைக் கையால் நொறுக்கி, பனி பெய்கிறது என்று கூடமெல்லாம் தூவினான். அவ்வளவு பெரிய, முனை மழுங்காத தெர்மோகோலை நான் அதுவரை தொட்டதில்லை. நான் கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். அதனாலேயே கேட்கவில்லை.

எனக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. பாயிண்ட்ஸ்மேன் வேலைக்கு எடுப்பவர்கள் பட்டியலில் அப்பாவின் பெயர் வந்திருந்தது. ஸ்டேஷன் யார்டில் தண்டவாளத்தை மாற்றிவிட்டு, வண்டிக்குப் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் காட்டுகிற வேலை. சக்கரம் தள்ளித் தள்ளி அவர் இடுப்பு போயிருந்தது. இந்த வேலையில் இடுப்புக்கு ஓய்வு, கூடவே இரண்டு அறை குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸுக்குப் போனதும் டிவி என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். மறுநாள் திங்கட்கிழமை காலை ரயில்வே ஆஸ்பத்திரியில் மெடிக்கல். அதில் தேறினால் போதும். இன்னும் ஒரு நாள்தான் என்று சித்தப்பா மகனை அன்று காலையெல்லாம் சற்றுப் பெருந்தன்மையோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதிதாக எது வந்தாலும் பொட்டு வைத்து, மூத்தவர் கையால் தொடங்குவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். ஃபிரிட்ஜும் அப்படித்தான் வந்தது, ஸ்கூட்டரும் அப்படித்தான். இப்போது ஹோம் தியேட்டர். சித்தி டிவியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் தலைக்கு ஒரு பொட்டு. கற்பூரம் காட்டிய பிறகு சித்தப்பா சித்தியின் தங்கை கல்யாண டிவிடியைப் போட்டார். ஈரோட்டிலிருந்து அந்த வாரம்தான் வந்திருந்தது. நாதஸ்வரம் அறையின் நாலு மூலையிலிருந்தும் எழும்பியது. ஆனால் படத்தில் கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் காய்ச்சல் கண்டதுபோல முகம் சிவந்திருந்தது.

சித்தப்பா காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டியிருந்தார். வெளிச்சத்தைக் கூட்டினார், குறைத்தார். கடைசியில் ரிமோட்டை அப்பா கையில் வைத்தார்.

“இந்த டின்ட்டு மட்டும் நிக்க மாட்டேங்குதுண்ணா. மொகமெல்லாம் செவப்பா அடிக்குது. நீயே வெச்சுக் குடு. உங்கை பட்டாதான் நம்ம வூட்ல படம் வரும்.”

அது வெறும் மரியாதைக்குச் சொன்னதில்லை. காலனியில் கறுப்பு வெள்ளை டிவி இருந்த காலத்தில் கூரைமேல் ஏறி ஆண்டெனாவைத் திருப்புகிறவர் அப்பாதான். கீழே சித்தப்பா ஜன்னலோரம் நின்று வருது, வருது, போச்சு என்று கத்துவாராம். அப்பா படத்தைப் பார்க்காமல், தம்பியின் குரலைக் கேட்டே படத்தைக் கொண்டுவருவாராம். அந்தக் கதையைச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். பிறகு சித்தப்பா பின்சுவரில் ஸ்பீக்கர் ஒயரைச் சரிசெய்ய ஸ்டூலில் ஏறி, திரைக்கு முதுகு காட்டி நின்றார். சித்தி பாயசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள், அம்மா அவளுக்கு ஒத்தாசை. சித்தப்பா மகன் தன் அறையில் இருந்தான். அவனுக்குத் தனி அறை உண்டு.

திரையின் அடியில் ஒரு கோடு வந்தது. கோட்டில் ஒரு சிறு கட்டி. அம்புக்குறியை அமுக்க அமுக்க அது நகர்ந்தது. முகங்களின் சிவப்பு மெல்ல வடிந்தது. ஓரிடத்தில் மனிதர்கள் மனிதர்கள் மாதிரியே இருந்தார்கள். அப்பா அங்கே நிறுத்தவில்லை. மேலும் அமுக்கினார். மாப்பிள்ளையின் கன்னம் பாசி பிடித்தது. மணப்பெண்ணின் அரக்குப் பட்டு சேற்றில் முக்கியெடுத்ததுபோல் ஆயிற்று. ஐயரின் மார்பும் வாழைமரமும் ஒரே நிறம்.

அப்பா திரையைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார்.

“சரியாடா?”

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை, பொட்டு வைத்துக் கும்பிட்டதை, அப்பா நிதானமாக உட்கார்ந்து பாழடிக்கிறார்! என் வயிற்றில் இருந்த அதே எரிச்சல் அவர் வயிற்றிலும் இருந்திருக்கிறது, நான் தனி ஆள் இல்லை. என் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்திருக்க வேண்டும். அப்பாவும் சிரித்தார். இன்னும் இரண்டு அமுக்கு அமுக்கிவிட்டு, ரிமோட்டை மேஜைமேல் வைத்தார்.

“ஆச்சு, வந்து பாருடா தம்பி” என்று சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

முதலில் வந்தது மகன். “அய்யோ பெரியப்பா, சப் க்ரீன் ஹோகயா!” என்று எல்லாம் பச்சையானதைக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்பா அப்போதுதான் திரையை நேராகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தன் கைவேலையை ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

சித்தி பாயசத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். “ஏனுங்க, எறங்கி வாங்க. எந்தங்கச்சிய என்ன கோலம் பண்ணி வெச்சிருக்காருன்னு வந்து பாருங்க.”

சித்தப்பா ஸ்டூலிலிருந்து இறங்கினார். “என்னண்ணா இது, வெளையாட்றியா?”

“சரியா இருக்குன்னு நெனச்சேன்.”

“இதுவா? கண்ணு தெரியறவன் இத சரின்னு சொல்லுவானா?”

“அவருக்குக் கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுதுங்க” என்றாள் சித்தி. அவள் கத்தவில்லை, அதுதான் மோசம். “நாம நல்லா இருக்கறதுதான் அந்தக் கண்ணுக்கு ஆகறதில்லீங்க.”

சித்தப்பா அவளை அடக்குவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் பச்சையாக நடந்துகொண்டே இருந்தது. கெட்டிமேளம் பின்சுவரிலிருந்து அடித்தது.

“பொறாமையாண்ணா?” என்று கேட்டார். கேட்ட விதத்தில், ‘இல்லை’ என்று சொல்லிவிடேன் என்கிற கெஞ்சல் இருந்தது.

அம்மா குறுக்கே வந்தாள். “அதில்ல தம்பி, அவருக்கு வந்து...”

“நக்கோ. நீ வாயத் தொறக்காத” என்றார் அப்பா. அம்மாவை அவர் அப்படி அதட்டி நான் கேட்டதில்லை. பிறகு தம்பியின் பக்கம் திரும்பி, “ஹவ், பொறாமதான். போதுமா?” என்றார்.

சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார். கதவோரம் காலிப் பெட்டி இருந்தது. கூரை ஒழுகுகிற இடத்துக்கு ஆகும், எடுத்துப் போங்கக்கா என்று சித்தி காலையிலேயே அம்மாவிடம் சொல்லியிருந்தாள். சண்டை வந்துவிட்டதால் அந்தப் பேச்சு ரத்தாகிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் ரத்து செய்வதற்குள் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டேன்.

தார்நாகாவில் ஆராய்ச்சிக்கூடத்து மதிலோரம் மரநிழல் இருந்தது. அங்கே வந்துதான் அப்பா திரும்பிப் பார்த்தார்.

“அத எதுக்குடா தூக்கினு வர்றே?”

“சித்தி குடுத்தாங்க.”

வீசச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் வந்து பெட்டியை வாங்கித் தன் தலைமேல் கவிழ்த்துக்கொண்டார். எனக்குத் தலை லேசாகிவிட்டது. பெருமை தாங்காமல் அவர் பக்கத்தில் ஓடி ஓடி நடந்தேன்.

“சூப்பரா பண்ணினேப்பா. அந்தக் கல்யாணப் பொண்ணு மூஞ்சி அப்படியே தவக்களை” என்றேன்.

அம்மா என் தோளில் ஒரு அடி வைத்தாள். எதற்கு என்று புரியவில்லை. இராணி டீக்கடை வாசலில் நின்றிருந்த ஒருவர் பெட்டியைப் பார்த்து, “நயா டிவி, பாய்?” என்று கேட்டார். அப்பா நிற்காமலே, “ஹவ்” என்று ஆமோதித்தார். அன்று அவர் சொன்ன இரண்டாவது ஹவ் அது. இரண்டுமே எனக்காகச் சொன்னது போல இருந்தது.

வெகு காலம் கழித்து, நாக்பூரில் ஒரு தாபா வேலையை விட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்திருந்தபோது, அம்மா கீரை ஆய்ந்துகொண்டே மிகச் சாதாரணமாகச் சொன்னாள். அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் பிறந்ததிலிருந்தே ஒன்றுதான். பட்டறை வேலைக்கு அந்தச் சோதனை தேவைப்படவில்லை. கொடி வேலைக்குத் தேவை. புள்ளி புள்ளியாக எண்கள் இருக்கிற ஒரு புத்தகத்தைக் காட்டுவார்களாம். எந்தப் பக்கத்தில் எந்த எண் என்று கூட வேலை செய்கிறவர் ஒருவர் சொல்லிக் கொடுத்து, அப்பா அதை உருப்போட்டும் வைத்திருந்தாராம்.

“போயிருந்தா பாஸாயிருப்பாரு” என்றாள் அம்மா. “அன்னிக்கு ராத்திரி படுத்துனு சொல்றாரு, டிவிக்கு எம்புள்ள மூஞ்சியப் பாத்து நிறுத்தினேன், நாளைக்கி வண்டி முன்னாடி நின்னு யாரு மூஞ்சியப் பாத்துடி கொடி காட்டுவேன்னு.”

சண்டைக்கு மறுநாள் காலை எனக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா வழக்கமான நேரத்துக்கு எழுந்தார். அம்மா எடுத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பாமல் நேராகப் பட்டறைக்குப் போனார். கொடி வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சக்கரம் தள்ள இடுப்பு ஒத்துழைக்காததால், யாரும் கேட்டுப் போகாத ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பழைய ரயில்பெட்டிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்துத் துரு சுரண்டுவது. எங்கே துரு, எங்கே இரும்பு என்று விரலால் தடவினாலே தெரிந்துவிடும்.

சாயங்காலம் புருவமெல்லாம் துருத்தூளோடு வந்து வாசலில் நின்றார். குவார்ட்டர்ஸ் போயிற்று, டிவி போயிற்று என்று எனக்கு விளங்கியது. தம்பியின்மேல் உள்ள பொறாமையில்தான் இவ்வளவையும் தூக்கி எறிந்துவிட்டார் என்று நினைத்தேன். என்னுடைய பொறாமை தெர்மோகோலையும் முட்டையையும் பார்த்து எரிகிறது. இவருடையது ஒரு வேலையையே, இரண்டு அறைகளையே எரித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் கை கழுவத் தண்ணீர் கேட்கிறது. செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தபடி அவரையே பார்த்தேன். அந்த அளவுக்குப் பொறாமைப்பட எனக்கு எப்போது வரும் என்று ஏக்கமாக இருந்தது.