பன்னிரண்டு மூலை

சிவாஜிநகர் பேருந்து நிலையத்தில் புது நாணயங்களைத் திட்டாத வாய் இல்லை. "ஒண்ணும் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு" என்கிறார் பூக்காரம்மா. மூக்குக் கண்ணாடியை விடுதி அறையில் மறந்துவிட்டு வந்த நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

பக்கத்தில் பார்வையற்ற ஒருவர் சீப்பு விற்கிறார். பத்து ரூபாய் என்று நான் நீட்டிய காசை ஒரு தடவு தடவிவிட்டுத் திருப்பித் தருகிறார்.

"இது இருபது சார். பன்னெண்டு மூலை இருக்கு பாருங்க."

நானும் தடவிப் பார்க்கிறேன். என் விரலுக்கு எல்லாம் வட்டம்தான். வயிறு எரிகிறது.

"உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே!"

"எங்களுக்குன்னேதான் சார் செஞ்சாங்க. எல்லாரும் விஷயம் தெரியாம சும்னே திட்றாங்க" என்று சிரிக்கிறார். "நோட்டு பூரா உங்க கண்ணுக்குத்தானே இருக்குது? காசாவது எங்க கைக்கு இருக்கட்டுமே."