சீட்டில் இருந்த எட்டு மணி நேரம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வெம்பக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் நடந்தது இது. புள்ளியியல் படித்து முடித்த கையோடு, பிரசவங்களையும் பச்சிளம் குழந்தைகளையும் பற்றிய கணக்கெடுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தேன். வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேட்டு டேப்லெட்டில் பதிய வேண்டும். மற்ற நாட்களில் விடியற்காலையே பட்டாசுக் கம்பெனி வேன் வந்து எல்லோரையும் ஏற்றிப் போய்விடும். அதனால் ஞாயிறுதான் எங்களுக்கு வேலை நாள்.

அன்று நான்காவது வீடு. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த பெண். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து பாய் விரித்தார். "உக்காருங்க. அவுக கறி எடுக்கப் போயிருக்காக. வந்தா அடுப்படிக்கு ஓடணும். எம்புட்டு நேரமாகும்?"

நாற்பது நிமிடம் என்றேன். வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா விடவில்லை. "பிள்ளைக் கணக்காம்மா? அப்ப எங்க மாமியாரக் கேளு. பத்துப் பெத்தாகளா, பதினொண்ணானு அவுகளுக்கே மறந்து போச்சு." மூவரும் சிரித்தோம். பேட்டியின்போது வேறு யாரும் இருக்கக்கூடாது என்பது விதி. அவரைப் பக்குவமாக அனுப்பிவிட்டு ஆரம்பித்தேன்.

ஒரு மகன், பள்ளிக்கூடம் போகிறான். அதற்குப் பிறகு ஒரு பெண் குழந்தை. "அது வயித்துக்குள்ளயே போயிருச்சு. செத்துத்தான் பெறந்துச்சு" என்றார். பிறந்ததும் அழுததா, மூச்சு விட்டதா, கை கால் அசைத்ததா என்று கேட்டேன். இந்த மூன்றையும் கேட்டே ஆக வேண்டும். ஒரு நிமிடம் உயிரோடு இருந்திருந்தாலும் அது வேறு பக்கத்தில் பதியப்பட வேண்டிய குழந்தை. "நான் எங்கன பாத்தேன்? ஆபரேசன்ல மயக்கமாக் கெடந்தேன். எந்திரிக்கறதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டாக" என்றார். சொல்லிப் பழகிப்போன குரல்.

அவர் சொன்னபடியே பதிந்துகொண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து அப்படியே நீட்டினார். "எல்லாம் இங்கிலீசு. அவுகதான் கட்டி வச்சிருக்காக. எதுனு நீங்களே பாத்துக்கிடுங்க" என்று மறுபடி வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்.

நான் எதையும் வரிசைப்படுத்திப் பழகியவள். தாள்களைப் பாயில் பரப்பினேன். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, தாயின் டிஸ்சார்ஜ் சீட்டு. கடைசியில், நான்காக மடித்த தாள் ஒன்று. அது குழந்தையின் சீட்டு. பெண், ஒன்றரைக் கிலோ, காலை ஏழு மணிக்குப் பிறப்பு, மூச்சுத் திணறலுக்காகத் தனி வார்டில் அனுமதி. பிற்பகல் மூன்று மணிக்கு இறப்பு.

பிறந்து சில மணி நேரத்தில் போய்விடும் குழந்தைகளைச் செத்துப் பிறந்ததாகவே பலரும் சொல்வார்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அப்படி ஒரு பிழையைப் பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டேன். "அக்கா, எட்டு மணி நேரம் உயிரோடு இருந்ததாக இதில் எழுதியிருக்கே?"

அவர் கையில் வெங்காயம் அப்படியே நின்றது.

"எது?"

அந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்கலாம். வேறு யாருடைய தாளோ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தாளில் அவர் பெயர் இருந்தது. அவர் என் விரலைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

கறிப் பையோடு கணவர் உள்ளே வந்தது அப்போதுதான். பாயில் கிடந்த தாளைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏங்க, செத்துப் பெறந்துச்சுன்னுதான சொன்னீக?"

"ஒனக்கு ரத்தம் நிக்கல. அப்பச் சொன்னா நீயும் போயிருவன்னு பயமா இருந்துச்சு."

"அது அன்னைக்கு. அப்பறம் மூணு வருசம் ஆச்சே?"

அந்தப் பெண் சத்தம் போடவில்லை. "வீட்டுக்கு வந்தப்பறம் பால் கட்டிக்கிட்டு உசுரு போச்சு. செத்துப் பெறந்ததுக்கு எதுக்கு இந்தப் பாலுன்னு என்னையவே வஞ்சேன். நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்தீக?" என்றார். பிறகு, "கண்ணு தொறந்துச்சா?" என்று கேட்டார்.

அவர் கறிப் பையைக் கீழே வைத்தார். "கண்ணாடிக்கு வெளியத்தான் நின்னேன். தொறந்துச்சு."

அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அது யார் காதிலும் விழவில்லை. தெருவில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனதும் கணவர் பின்னாலேயே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தத் தாள அன்னைக்கே எரிச்சிருக்கணும் தாயி. பிள்ளை இருந்துச்சுங்கறதுக்கு அது ஒண்ணுதான் இருக்கு. மனசு வரல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

சாயங்காலம் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, திருத்திப் பதிவதுதான் சரி, இப்படிப்பட்ட இறப்புகள்தான் கணக்கில் விட்டுப் போகின்றன என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஒரு பக்கத்தில் இருந்ததை அழித்து அடுத்த பக்கத்தில் பதிந்தேன். வயது என்ற கட்டத்தில் பூஜ்ஜியம் நாள் என்று போட வேண்டும். போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அதே ஊருக்கு மறுபடி போக வேண்டியிருந்தது. அந்த வீடு பூட்டிக் கிடந்தது. "அவ பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஏழாயிரம்பண்ணைக்கு, அவுக ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. அவரு மட்டும் வருவாரு, படுப்பாரு, போவாரு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. முதல் நாள் மாதிரி என்னிடம் அவர் சிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் யார் சீட்டைக் கொடுத்தாலும் முதலில் மனதுக்குள்ளேயே படிக்கிறேன். ஆனால் அது இனி வரும் வீடுகளுக்குத்தான் உதவும். அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை தெரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கவும் எனக்கு மனம் வரவில்லை; தன் பிள்ளை எட்டு மணி நேரம் வாழ்ந்தது என்பதை ஒரு தாய், முன்பின் தெரியாத என் வாயிலிருந்து, இரண்டு கேள்விகளுக்கு நடுவில் தெரிந்துகொள்ள நேர்ந்ததே என்பதைத்தான் இன்றுவரை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.