பந்திக்கு முந்தைய பாட்டு

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு யாழ்ப்பாணச் சாப்பாட்டுக் கடை. வயிறு முட்டக் கொத்துரொட்டி தின்றுவிட்டு அங்கேயே உட்கார்ந்து ரயிலுக்குக் காத்திருக்கிறேன். எதிரே உட்காருகிறவர் வெள்ளைக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருக்கிறார். இருபது வருடமாக ஆர் அண்ட் பி என்கிற மேற்கத்திய உருக்கப் பாட்டுப் பாடகராம்.

“எங்க பாடுவீங்க?”

“கலியாணம், பேர்த்டே எல்லாத்துக்கும் என்னைத்தான் கூப்பிடுவினம். நான் பாடத் தொடங்கினா சனம் உடனே எழும்பிச் சாப்பிடப் போயிடும். வாடகைக்கு எடுத்த ஹோலைச் சொன்ன நேரத்துக்குத் திருப்பிக் குடுக்கலாம்.”

“கோபம் வராதா?”

“ஏன் கோபம்? என்ர ஷோவில ஒருத்தரும் பசியோட போனதில்லை.”

நம்பாமல் ஒரு வரி பாடச் சொல்கிறேன். கண்ணை மூடி, அடிவயிற்றிலிருந்து உருகி இழுக்கிறார். நன்றாகத்தான் பாடுகிறார். அவர் கண்ணைத் திறக்கும்போது நான் தட்டோடு இடியப்ப வரிசையில் நிற்கிறேன்.