டேனியல் அனுப்பிய புள்ளிகள்

போர் விமான சிமுலேட்டர் போட்டியின் இறுதிச் சுற்று. பெரிய காஞ்சிபுரத்தில் என் வீட்டிலிருந்து நானும், முசரவாக்கத்திலிருந்து நண்பன் டேனியலும் எங்கள் அணிக்காக இணையத்தில் ஜோடியாகப் பறந்தோம். அவன் ரேடாரில் சிக்கும் எதிரியை அவன் அனுப்பினால், இரு விமானங்களையும் இணைக்கும் டேட்டாலிங்க் வழியாக அது என் திரையிலும் சிவப்புப் புள்ளியாகத் தெரிய வேண்டும். ஒன்றுமே தெரியவில்லை. எங்கிருந்தோ வந்த ஏவுகணையில் என் விமானம் வெடித்தது.

"தூங்கிக்கினு இருந்தியா? உன்னப் போய் சேத்துக்கினேன் பாரு, என்னச் சொல்லணும்!" என்று அணி முழுக்கக் கேட்க மைக்கில் கத்தினேன்.

"மூணு வாட்டி அனுப்புனேன்பா" என்றான்.

அவன் சொன்னது பொய் என்று நிரூபிக்கவே ஆட்டத்தின் பதிவை ஓட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் அனுப்பியிருந்தான். திரை நெரிசலாக இருக்கிறதென்று முந்தின நாள் அவன் அனுப்பும் புள்ளிகள் என் திரையில் வராதபடி மறைத்து வைத்தவன் நான்தான்.

திட்டியதை எல்லோரும் கேட்டார்கள். மன்னிப்பை மட்டும் அவனுக்குத் தனியாக மெசேஜில் அனுப்பினேன். அதை நினைத்தால்தான் என் மேலேயே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.