வெள்ளிக்கிழமை யாரும் சாவதில்லை

வெள்ளிக்கிழமைகளில் எமெலீனா யாரையும் சாகடிப்பதில்லை. தளபதியோ விஞ்ஞானியோ, மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தாலும் சரி, அடுத்த புதன்வரை தாக்குப்பிடித்தே ஆகவேண்டும். வெள்ளியன்று ஒருவர் செத்தால் சனியும் ஞாயிறும் ஊரே மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு திரியும், அந்தப் பாவம் எனக்கெதற்கு என்பாள். புதன் என்றால் வேலையோடு வேலையாக அழுது தீர்த்துவிடலாம்.

அவளுடைய உத்தியோகம் வாசிப்பது. கியூபாவின் மேற்குக் கோடியில், எங்கள் ஊர்ச் சுருட்டுத் தொழிற்சாலையில், நீள மேசைகளில் வரிசையாக உட்கார்ந்து ஆணும் பெண்ணும் சுருட்டுச் சுற்றுவார்கள். எதிரே மேடைமேல் ஒரு நாற்காலி, ஒரு மைக், எமெலீனா. காலையில் அறிவிப்புகள், அப்புறம் செய்தித்தாள், அப்புறம் புத்தகம். எந்தப் புத்தகம் என்பதைக் கைதூக்கித் தீர்மானிப்பவர்கள் சுற்றுகிறவர்கள்தான். நிர்வாகி அதில் வாய்திறக்கக் கூடாது.

மற்ற ஊர்த் தொழிற்சாலைகளில் காதல் கதை ஓடும், துப்பறியும் கதை ஓடும். எங்கள் கூடத்துக்கு என்னவோ பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறு என்றால் பைத்தியம். அந்தப் பைத்தியத்தை ஏற்றிவிட்டவளே எமெலீனாதான். தென்னமெரிக்க விடுதலைத் தளபதி பொலிவார் குதிரை ஏறும்போது அவள் குரலும் ஏறும். மேரி கியூரி வாழ்க்கையை வாசித்த மாதத்தில் இரண்டாம் மேசைப் பெண்களுக்கு நிம்மதியே இல்லை. "அந்தக் கண்ணாடிக் குப்பியைத் தொடாதேன்னு கட்டுன புருஷனாவது சொல்லக்கூடாதா" என்று அவரையும் சேர்த்து வைதுகொண்டே இலையை நறுக்கினார்கள். சந்தையில் மரவள்ளிக்கிழங்கு வாங்கும்போதுகூட யாராவது எமெலீனாவின் கையைப் பிடித்து, தளபதிக்குக் குண்டடி பட்டதே, என்ன ஆச்சு என்று கேட்பார்கள். செத்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆன மனிதரைப் பற்றி அவள் கொஞ்சமும் சிரிக்காமல் சொல்லும் பதில் ஒன்றுதான்: "இருக்காரு, இருக்காரு. காய்ச்சல் கொஞ்சம் குறைஞ்சிருக்கு."

தொண்டையைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறாள். காலையில் உப்புத் தண்ணீர், பையில் இஞ்சித் துண்டு, கழுத்தில் வெயில்காலத்திலும் ஒரு துணி. வேலைக்கு வரும் பேருந்தில் வாயே திறக்கமாட்டாள், தலையாட்டலோடு சரி. வீட்டுக்குப் போனால் பாதிப் பேச்சு கைஜாடைதான். கணவன் பியென்வெனீதோ இதற்குப் பழகிப்போய், அவளிடம் சண்டை போடவேண்டியதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்துவைத்துக்கொள்கிறான்.

அவளுக்கு ஒரே எதிரி சோதனைக்காரர் ரொகேலியோ. சுற்றிய சுருட்டில் காற்று ஒழுங்காக இழுக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. கதை இறுகினால் சுற்றுகிற விரலும் இறுகும். சாவு நாளில் சுற்றிய சுருட்டை இழுத்தால் கன்னம் ஒட்டிக்கொள்ளுமே தவிரப் புகை வராது. அதனால் காலையிலேயே மேடையோரம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

"அக்கா, இன்னிக்கு யாருக்காவது ஏதாவது ஆகுமா?"

"கல்யாணம் ஒண்ணு இருக்கு."

"நல்லபடியா நடக்குமில்ல?"

"நடக்கும். பொண்ணுக்குத்தான் இஷ்டமில்ல."

ரொகேலியோ பெருமூச்சு விட்டுக்கொண்டு போவார். அன்றைக்கு மேசை மேசையாக நடந்து, விரலைத் தளர்த்து, விரலைத் தளர்த்து என்று கெஞ்சுவதுதான் அவருக்குப் பிழைப்பு.

கூடத்தில் யாரும் கைதட்டமாட்டார்கள். இலை நறுக்க ஆளுக்கொரு கைப்பிடியில்லாத பிறைக்கத்தி உண்டு. பிடித்திருந்தால் அதைப் பலகையில் படபடவென்று தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் தரையில் போடுவார்கள். எமெலீனாவுக்கு முன்னால் இருந்த வாசிப்பாளர் இலாரியோ ஒருநாள் அவசரத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டார். யாரோ அந்தப் புத்தகத்தை ஏற்கெனவே படித்திருந்தார்கள். கூடம் முழுக்கக் கத்திகள் கீழே விழுந்த அந்தச் சத்தத்தோடு மனிதர் வேலையை விட்டுப் போனார். அன்றைக்கு எமெலீனா நாலாம் மேசையில் இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தால் ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டேன், முழுங்கவும் மாட்டேன் என்று அப்போது எடுத்த சபதம். புத்தகத்தில் அச்சுப்பிழை இருந்தால்கூட, "அச்சுல இப்படி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பிழையோடுதான் வாசிக்கிறாள். அந்தச் சபதத்துக்குச் சோதனை போன நவம்பரில் வந்தது.

எவாரிஸ்தோ சல்தீவார் எங்கள் ஊர்க்காரர். பாட்டுக் கட்டிப் பாடி, நாடெல்லாம் பேர் வாங்கியவர். பூங்காவில் அவருக்கு மார்பளவுச் சிலை உண்டு. மூக்கில் எப்போதும் ஒரு புறா. ஹவானாப் பேராசிரியர் ஒருவர் அவர் வாழ்க்கையை எழுதி, அது புத்தகமாக வந்ததும் கூடத்தில் ஒரு கைகூடக் கீழே நிற்கவில்லை. அதை வாசித்த மூன்று வாரமும் திருவிழாதான். அவர் சவரம் செய்துகொண்ட கடை யார் தாத்தாவுடையது, அவர் பாட்டில் வரும் மாமரம் எந்த வீட்டுக் கொல்லையில் நின்றது என்று மேசைக்கு மேசை சண்டை. ரொகேலியோகூட விரலை மறந்துவிட்டு வாய்பிளந்து நின்றார்.

முதல் மேசை மூலையில் உட்கார்ந்திருந்த ஒனேலியா மட்டும் சண்டையில் சேரவில்லை, சிரித்துக்கொண்டே சுற்றினாள். அறுபது தாண்டியவள், அவள் சுற்றிய சுருட்டை ரொகேலியோ சோதிப்பதே இல்லை. பாடகருக்கிருந்த அதே பல்லிடுக்கு, அதே முன்சாய்ந்த நடை. சல்தீவாரின் மகள் அவள் என்பது ஊரில் புறாவுக்குக்கூடத் தெரியும். அம்மா ரொசௌரா லூகோ இதே தொழிற்சாலையில் புகையிலையின் நடுநரம்பு உரித்தவள். பாடகருக்கோ ஹவானாவில் ஊரறியக் கட்டிய மனைவி. எங்களுக்கெல்லாம் பேருக்குப் பின்னால் அப்பா வழிப் பேர், அதற்குப் பின்னால் அம்மா வழிப் பேர் என்று இரண்டு வரும். ஒனேலியாவுக்கு லூகோ ஒன்றுதான். யாரும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை, சரிசெய்ததும் இல்லை.

வாசிப்பதற்கு முன்னால் எதையும் வீட்டில் ஒருமுறை படித்துவிடுவது எமெலீனாவின் வழக்கம். திங்கட்கிழமை சாயங்காலம் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினாள். பாடகர் இறந்துபோன பத்தியின் முடிவில் பேராசிரியர் அழகாக எழுதியிருந்தார்: 'அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பாடல்களே அவருடைய வாரிசுகள்.' எமெலீனா புத்தகத்தை மூடிவிட்டு, தொண்டையைப் பற்றிய கவலையே இல்லாமல், அந்தப் பேராசிரியரை அவர் பரம்பரையோடு சேர்த்து உரக்கத் திட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அல்லாத நாளில் அவள் குரலைக் கேட்ட பியென்வெனீதோ, என்னமோ ஏதோவென்று கொல்லையிலிருந்து ஓடிவந்தான்.

அந்த வரியை வாசித்தால், எல்லோர் காதிலும் விழ, மைக்கில், ஒனேலியா இல்லை என்றாகிவிடும். முழுங்கினால் இலாரியோவுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம். செவ்வாய்க்கிழமை மதியம், கருப்புமொச்சைச் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒனேலியாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வரியைச் சொன்னாள். ஒனேலியா வாயிலிருந்ததை மென்று முடித்தாள்.

"நாளைக்கா அவரு சாகுறாரு?"

"நாளைக்குத்தான். அக்கா, அந்த ஒரு வரிய மட்டும் நான் விட்டுடுறேன். யாரு கண்டா?"

"நீ எத்தன நாளா முழுங்கப் பழகுனே? பேசாம வாசிடி. எனக்காக ஒரு வார்த்தை கொறஞ்சா, அப்புறம் எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க."

"வலிக்குமே அக்கா."

"வலிக்கும். வலிக்காமயா?" ஒனேலியா தட்டைத் துடைத்தாற்போல் வழித்தாள். "வருஷா வருஷம், பிள்ளைங்களுக்குப் பரிசு குடுக்குற ராஜாக்கள் பண்டிகைக்குக் கொய்யாப்பழ மிட்டாய் வாங்கிட்டு வருவாரு. என்னை மடியில வெச்சுக்குவாரு. பேரு ஒண்ணுதான் குடுக்கல. எந்திரி, இலை காயுது."

புதன்கிழமை எமெலீனா வாசித்தாள். ஆஸ்பத்திரி ஜன்னல், கடைசியாகக் கேட்ட ஒரு மிடறு காப்பி, எல்லாம் எழுத்துக்கு எழுத்து. பிள்ளைகள் இல்லை என்ற வரியிலும் குரல் பிசகவில்லை. அதற்காக அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. அத்தியாயம் முடிந்தது. பெரிய மனிதர் ஒருவர் இறந்தால் கூடமே கத்தி தட்டி வழியனுப்பும். அன்று ஒரு கத்தியும் அசையவில்லை. எல்லாக் கண்ணும் முதல் மேசை மூலையிலேயே இருந்தன. ஒனேலியா சுற்றிக்கொண்டிருந்த சுருட்டை முடித்து வைத்தாள். கத்தியை எடுத்துப் பலகையில் தட்டினாள், தனியாக, அப்பாவுக்காக. அதற்கப்புறம்தான் மற்றவர்கள் தட்டினார்கள்.

அன்று இரவு எமெலீனா மறுநாள் அறிவிப்புகளை எழுத உட்கார்ந்தாள். புத்தகம் பேராசிரியருடையது, அதில் கைவைக்க அவளுக்கு உரிமையில்லை. ஆனால் காலை அறிவிப்புகள் அவளே எழுதி அவளே வாசிப்பவை. தொலைந்த மூக்குக்கண்ணாடி, விற்பனைக்குள்ள தையல் இயந்திரம், பிறந்தநாள்கள். பிறந்தநாள்காரரின் முழுப்பேரை வாசித்ததும் அவர் எழுந்து நிற்கவேண்டும், கூடம் கத்தி தட்டும், முதல் காப்பி அவருக்கு. இதுதான் எங்கள் சம்பிரதாயம்.

வியாழக்கிழமை காலை. யாரோ ஒரு குடையை விட்டுப் போயிருந்தார்கள், அதை அறிவித்தாள். ஒரு கோழி காணவில்லை, அதையும் அறிவித்தாள். அப்புறம் இஞ்சித் துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, எப்போதும்போல அதே குரலில் சொன்னாள்: "இன்றைக்குப் பிறந்தநாள். முதல் மேசை, ஒனேலியா சல்தீவார் லூகோ."

இலை நறுக்கும் சத்தம் நின்றது. மேடையோரம் நின்ற ரொகேலியோவுக்கு நிஜமாகவே குழப்பம். ஒனேலியாவின் பிறந்தநாள் கேக்கை ஆகஸ்டில் இரண்டு துண்டு தின்றவர் அவர்.

"அக்கா, அது ஆகஸ்ட்டுல இல்ல?" என்று கிசுகிசுத்தார். பக்கத்தில் மைக் இருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது.

எமெலீனாவின் காது சூடேறியது. இத்தனை வருஷத்தில் மைக்கில் அவள் சொன்ன முதல் பொய் அது. ஒனேலியாவைக் கேட்காமல் சொன்ன பொய். நேற்றைய வரியைவிட இது அவளைக் கூசவைத்துவிட்டால் என்ன செய்வது என்று இப்போதுதான் உறைத்தது. திரும்ப வழியில்லை.

"நான் தப்பா வாசிச்சிருந்தா, கத்தியக் கீழ போடுங்க" என்றாள்.

நாலு மேசையிலும் கத்திகள் கையில் இருந்தன. இரண்டாம் மேசைப் பெண்கள் தங்கள் கத்திகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் விழவில்லை. ஒன்றும் தட்டவும் இல்லை. பிறந்தநாள்காரர் எழுந்த பிறகுதான் தட்டவேண்டும்.

ஒனேலியா குனிந்து, பாதி சுற்றிய சுருட்டின் மேலிலையை நிதானமாகப் பிரித்தாள். அது இறுகிப்போயிருந்தது. மறுபடி தளர்வாகச் சுற்றி, நுனியை ஒட்டி, மற்றவற்றோடு அடுக்கினாள். கையை முன்துணியில் துடைத்துக்கொண்டாள். நவம்பர் மாதத்துப் பிறந்தநாளுக்கு, அப்பாவின் பல்லிடுக்கு தெரிய, எழுந்து நின்றாள்.