சி பிரிவு கலைந்த கதை

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் குக்கர். வராந்தாவில் சத்தம் கேட்டால் "ஷ்ஷ்ஷ்" என்று நீளமாக இழுத்துக்கொண்டே வருவார். அவர் வந்து சேர்வதற்குள் பள்ளிக்கூடமே அடங்கியிருக்கும். பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். "வெறும் ஆவிதான், பயப்படாதீங்க" என்று புது ஆசிரியைகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

வெகு காலம் பக்கத்து ஊரில் அறிவியல் பாடம் நடத்திவிட்டு, சொந்த ஊரின் அரசு உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழ் வீட்டில் தங்கை குடும்பம், மாடியில் இவர். தனிக்குடித்தனம் என்று பெயர்தான். சாப்பாடு கீழேயிருந்து வரும், தங்கை மகள் பாதி நேரம் மேலேயே கிடப்பாள். அவள் படித்ததும் இதே பள்ளியில்தான். ஒன்பதாம் வகுப்பு, ஏ பிரிவு.

ஏ பிரிவு என்றால் ஊரில் ஒரு மதிப்பு. சி பிரிவு என்றால் சைக்கிள் ஷெட்டை ஒட்டிய அறை. ஊருக்கு வெளியே டயர் ஆலை வந்த பிறகு எங்கெங்கிருந்தோ ஆட்கள் குடும்பத்தோடு வேலைக்கு வந்தார்கள். அவர்கள் வீட்டில் பேசியது ஒரு மொழி, இங்கே பாடம் வேறொரு மொழி. வருடத்தின் நடுவில் வந்து நின்ற பிள்ளைகளை இடம் இருந்த வகுப்பில் சேர்த்தார்கள். இடம் சி பிரிவில்தான் இருந்தது. யாரும் உத்தரவு போடவில்லை. ஆனாலும் நாளடைவில் ஊர்ப் பிள்ளைகள் ஒரு பக்கம், ஆலைக் குடியிருப்புப் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று ஆகிப்போனது. பத்தாம் வகுப்பு முடிவு வந்தால் ஏ பிரிவில் தோற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சி பிரிவில் தேறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவர் வந்த முதல் ஆசிரியர் கூட்டத்திலேயே இந்தப் பேச்சு எழுந்தது. மூத்தவரான கணக்கு ஆசிரியர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்: "சி-யை விட்டுடுங்க மேடம். அதுங்களுக்குக் கணக்கு வராது. ஏ-யை இன்னும் கொஞ்சம் ஏத்தினா சராசரி தன்னால ஏறிடும்."

தலைமையாசிரியை அந்த வாரம் முழுக்க ஷெட் பக்கமே நடந்தார். கணக்குப் பாடவேளையில் சி பிரிவில் ஒரு நாள் விளையாட்டு ஆசிரியர் உட்கார்ந்திருந்தார், மறுநாள் தையல் டீச்சர், அதற்கடுத்த நாள் யாருமே இல்லை. மூத்த ஆசிரியரைக் கூப்பிட்டனுப்பினார்.

"கணக்கு வராதுன்னு சொன்னீங்களே சார். அங்க கணக்கு வாத்தியாரே வரலையே?"

அவர் சுவரைப் பார்த்தார். "ரெண்டு பேர்தான் இருக்கோம் மேடம். எங்க பலன் இருக்கோ அங்க போறோம்."

கோடை விடுமுறையில் தலைமையாசிரியை புதுப் பத்தாம் வகுப்பின் மூன்று பிரிவுகளையும் கலைத்தார். எல்லாப் பெயரையும் சீட்டு எழுதிக் குலுக்கி, மூன்று வகுப்பாகப் பிரித்தார். பள்ளி திறந்த அன்று வாசலில் பெற்றோர் கூட்டம். ஏ பிரிவுப் பெற்றோரில் சிலர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு தனியார் பள்ளிக்குப் போனார்கள். அவர் கெஞ்சவும் இல்லை, மாற்றி எழுதவும் இல்லை.

அதைவிடப் பெரிய சண்டை வீட்டில் நடந்தது. சீட்டுக் குலுக்கலில் தங்கை மகள் போய்ச் சேர்ந்தது ஷெட்டை ஒட்டிய அறையில்.

"ஊர்ல எல்லாருக்கும் நியாயம் பண்ணு. எனக்கு என்ன வந்தது?" என்று தங்கை மாடிப்படியிலேயே நின்று கத்தினாள். "என் பொண்ணை மட்டும் மாத்தி விடுக்கா. உன் கையிலதானே இருக்கு?"

"என் கையில இருக்கறதாலதான் முடியாதுங்கறேன்."

"அப்போ ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. அவ மார்க் குறைஞ்சா நீயும் நானும் பேச வேண்டியதே இல்ல."

மார்க் குறைந்தது. முதல் பருவத் தேர்வில் கணக்கில் நன்றாகவே குறைந்தது. தங்கை சொன்னபடி வாயை மூடிக்கொண்டாள். சாப்பாடு மட்டும் வந்தது, மகள் கையில், மூடி போட்டு. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று தலைமையாசிரியை முதல்முறையாகப் பயந்தார்.

"உனக்கு என் மேல கோவமா?" என்று தங்கை மகளிடம் கேட்டார்.

"இல்ல பெரியம்மா. ஆனா பக்கத்துல உக்கார்ற பொண்ணு உயிரை வாங்குறா. எதைச் சொன்னாலும் ஏன், ஏன்னு கேக்குறா. எனக்கே தெரியலை. இவ்வளவு நாளா மனப்பாடம் பண்ணித்தான் எழுதிட்டு இருந்திருக்கேன்."

கணக்கு ஆசிரியரும் கிட்டத்தட்ட அதையேதான் வந்து சொன்னார், வேறு முகத்தோடு. "ஒரே கணக்கை மூணு தரம் நடத்த வேண்டியிருக்கு மேடம். தொண்டை போச்சு. ஆனா ஒரு விஷயம்... மூணாவது தரம் நடத்தும்போதுதான் பழைய ஏ பிரிவுப் பசங்களுக்கே புரியுது."

ஏன் ஏன் என்று கேட்ட அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு ஆலையில் ராத்திரி ஷிப்ட். பகலில் அவர் தூங்கும் ஒற்றை அறையில் புத்தகம் புரட்டினால் கூடச் சத்தம். தங்கை மகள் அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தாள். முதல் சில நாள் தங்கை பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். வந்த பெண்ணோ சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு, பேச்சில் பாதி தப்பும் தவறுமாக, "நான் நாளைக்கும் வருவான்" என்றாள். தங்கைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வருவான் இல்லடி, வருவேன். வாயைத் திறந்து சொல்லு."

ஒரு மாலை தலைமையாசிரியை படியேறும்போது கீழ் வீட்டிலிருந்து தங்கையின் குரல் கேட்டது: "ரெண்டு எருமைங்களும் போனைக் கீழ வைங்க! நாளைக்குப் பரீட்சை, இங்க என்ன இளிப்பு?" மகளுக்கு விழும் அதே திட்டு, ஒரு சொல் குறையாமல் இன்னொருத்திக்கும் விழுந்துகொண்டிருந்தது. அவர் படியிலேயே சற்று நேரம் நின்றார். தங்கை எட்டிப் பார்த்தாள்.

"என்ன அங்கேயே நிக்கற? உள்ள வந்து சாப்பிடு. ஆறிப்போகுது."

ஆண்டு முடிவு பிரமாதம் என்று சொல்ல முடியாது. வழக்கமாக இந்தப் பள்ளிக்கு வரும் வட்டார முதலிடம் வரவில்லை; மேலதிகாரி அதைச் சொல்லிக் காட்டினார். இரண்டு பையன்கள் நடுவிலேயே படிப்பை விட்டு ஆலைக்குப் போயிருந்தார்கள். வீடு தேடிப் போய்ப் பேசியும் பலனில்லை. ஆனால் தோற்றவர்கள் தொகை முந்தைய வருடத்தில் பாதிகூட இல்லை. தங்கை மகள் பழைய மார்க்கைப் பிடித்துவிட்டாள். அவள் தோழியும் தேறினாள், கணக்கில் இவளைவிட இரண்டு மார்க் கூட. "என் வீட்டுச் சாப்பாடு அவளுக்குத்தான் ஒட்டியிருக்கு" என்று தங்கை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

முடிவு வந்த மறுநாள் கணக்கு ஆசிரியர் அறை வாசலில் நின்றார்.

"தோத்தவங்க மறுதேர்வு எழுதணுமே மேடம். லீவுல ஒரு ரூமைத் திறந்து விட்டீங்கன்னா நான் வந்துடுறேன்."

"உங்களுக்குத் தொண்டை?"

"அது கிடக்குது மேடம்" என்றார் அவர். "குடியிருப்புப் பக்கம் நேர்ல போய்ச் சொன்னாத்தான் பசங்க வருவாங்க. எனக்கு வழி தெரியாது. நீங்க வர்றீங்களா?"

தலைமையாசிரியை செருப்பை மாட்டிக்கொண்டார். இருவரும் வெயிலில் ஆலைச் சாலையில் நடந்தார்கள்.